7 கிலோவில் பைக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லும் பையைப் பற்றிக் கேட்டிருந்த ஒருவருக்குச் சென்ற இதழில் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். சில்லும் கைபிடியும் உட்பட, வெறும் பையின் எடை 2 கிலோவைத் தாண்டக்கூடாது என்பதே அந்த வரி. அது போதவில்லை என்பதை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அந்தப் பைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இலண்டனில் இருக்கும் மகளிடம் முதன்முறையாக, டோஹா வழியாகச் செல்லவிருக்கிறேன். மகள் சென்ற வருடம் வந்தபோது விட்டுச்சென்ற, நான்கு சில்லுகள் பூட்டிய கடினமான பெட்டியொன்று வீட்டில் இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதையே கொண்டு போகலாமா, வேறு வாங்க வேண்டுமா? எனக்கு வலது தோளில் வலியும் உண்டு.
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கடைக்குப் போவதற்கு முன்னர் அந்தப் பெட்டியை வெறுமையாக நிறுத்துப் பாருங்கள். வீட்டில் ஆள் ஏறி நிற்கும் தராசு இருந்தால், முதலில் நீங்கள் மட்டும் ஏறி நின்று, பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். தராசு இல்லையென்றால் அயலிலுள்ள பலசரக்குக் கடையில் கேட்டால் மறுக்கமாட்டார்கள். நான்கு சில்லும் கடின ஓடும் கொண்ட பெட்டிகள் பெரும்பாலும் இரண்டரைக் கிலோவிலிருந்து மூன்றரைக் கிலோ வரை இருக்கும். கத்தார் எயார்வேய்ஸ் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கையில் அனுமதிப்பது 7 கிலோ. அளவு 50 × 37 × 25 சென்ரிமீற்றர். எமிரேட்ஸும் அதே 7 கிலோவைத்தான் தருகிறது, அளவு மட்டும் 55 × 38 × 22. இந்த 7 கிலோ உங்கள் பொருட்களுக்கு மாத்திரம் தரப்படுவதன்று, பையும் அதற்குள்ளேயே அடங்கும். உங்கள் மகளின் பெட்டி மூன்றேகால் கிலோ என்று வைத்துக்கொண்டால், மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுச் சேலை, குளிருக்கு ஒரு மேலங்கி, மகளுக்கென்று எடுத்துவைத்தது எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது மூன்றேமுக்கால் கிலோதான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பையானால் ஐந்தரைக் கிலோ மிஞ்சும்.

மகள் ஏன் இந்த எடையைப் பொருட்படுத்தவில்லை என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. பிரித்தானியாவில் வாழ்பவர்கள் அடிக்கடி பறக்கும் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், கைப்பைக்கு 56 × 45 × 25 சென்ரிமீற்றர் அளவும் 23 கிலோ வரை எடையும் அனுமதிக்கிறது. அங்கே அளவுதான் கேள்வி, எடை அன்று. வளைகுடா வழியாகப் போய்வரும் நமக்கோ எடைதான் முதற்கேள்வி. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அன்போடு வாங்கி அனுப்பும் பெட்டிகள் பல இந்த ஒரு காரணத்தால் நமக்கு உதவாமற்போவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

எனக்கே அது நேர்ந்தது. பல வருடங்களுக்கு முன்னர், இடைத்தங்கல் நிலையமொன்றில் விமானம் ஏறும் வாயிலில் என் பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். ஒன்பது கிலோவுக்கு மேல் காட்டியது. வரிசை பின்னால் நீண்டு நிற்க, தரையில் முழந்தாளிட்டுப் பெட்டியைத் திறந்து, இரண்டு புத்தகங்களையும் ஒரு பொதி மரமுந்திரிகைப் பருப்பையும் அங்கிருந்த வாங்கில் விட்டுவிட்டு, இருந்த சட்டைகளில் ஒன்றை மேலுக்கு மேல் அணிந்துகொண்டு ஏறினேன். வீட்டுக்கு வந்து நிறுத்தபோதுதான் அந்தப் பெட்டி மட்டுமே 3.4 கிலோ என்று தெரிந்தது. அன்று நான் விட்டுவந்த பொருட்களின் எடை ஏறத்தாழ அந்தப் பெட்டியின் மிகையான எடைதான். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

இனி, எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். கடின ஓட்டுப் பெட்டிகளில் மூன்று வகைப் பிளாஸ்ரிக் வழக்கில் உள்ளன. ஏபிஎஸ் என்பது மலிவானது, அடிபட்டால் வெடித்துவிடும். பொலிகார்பனேற் வளைந்துகொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் மூன்றிலும் அடர்த்தி கூடியது அதுதான். பொலிப்புரோப்பிலீன் தண்ணீரிலும் இலேசானது; நன்றாகச் செய்யப்பட்டால் இரண்டு கிலோவைச் சுற்றி நிற்கும். எதனால் செய்தாலும் கடினப் பெட்டிகளில் ஒரு குறை உண்டு. அவை சரிபாதியாகப் பிளந்து திறப்பவை என்பதால் விரித்து வைக்க இரண்டு மடங்கு இடம் வேண்டும். பாதுகாப்புப் பரிசோதனை மேசையிலோ, புகையிரதத்தில் இருக்கைகளுக்கு இடையிலோ, ஒரு மாத்திரை எடுப்பதற்காக அதைத் திறப்பது பெரும்பாடு. துணிப்பையில் வெளிப்புறப் பொக்கற் இருக்கும். கடவுச்சீட்டும் மருந்தும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அளவு பார்க்கும் சட்டகத்துக்குள் வைத்துக் காட்டச் சொன்னால் ஒரு விரற்கடை அமுங்கியும் கொடுக்கும். ஆகவே உங்களுக்கு நான் துணிப்பையையே சொல்வேன். துணியின் தடிப்பை டெனியர் என்ற அலகால் குறிப்பார்கள். 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கும் என்பதே அதன் கணக்கு. எண் கூடக்கூடத் துணி தடிப்பாகும், எடையும் ஏறும். ஒரே டெனியரில் நைலோன், பொலியெஸ்டரை விட உராய்வைத் தாங்கும் என்பதால், இலேசான பை நீடித்து உழைக்க வேண்டுமானால் நைலோன் துணியே நல்லது.

சில்லைப் பற்றி உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணம் கட்டுநாயக்காவில் தொடங்கவில்லை. களுவாஞ்சிக்குடியில் வீட்டு வாசல் மணலிலிருந்து ஒட்டோவுக்கு, ஒட்டோவிலிருந்து பஸ்ஸுக்கோ மட்டக்களப்புப் புகையிரத நிலையத்துக்கோ, அங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் போய், மறுபடியும் ஒரு வாகனத்தில் ஏறி இறங்கிய பிறகுதான் விமான நிலையத்தின் வழுவழுப்பான தரை வரும். நான்கு சில்லுப் பெட்டிகள் அந்தத் தரைக்காகவே செய்யப்பட்டவை. சுழலும் சின்னச் சில்லுகள் மணலிலும் சல்லியிலும் உருளாமல் இழுபடும். பஸ்ஸுக்குள் வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் தானே ஓடும். இரண்டு சில்லுப் பையில் சில்லுகள் பெரியவை, பையின் மூலையோடு பதிந்திருப்பவை. இரண்டு சில்லுகளின் எடையும் குறைவு. பயணப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டியதே நெடுங்காலத்துக்கு முந்திய கதையன்று. அமெரிக்கரான பேர்னாட் சடோ அதற்குக் காப்புரிமை பெற்றது 1972 இல்தான். அவருடையது வாரைப் பிடித்து இழுக்கும் பெட்டி. இன்று நாம் காணும், பையை நிமிர்த்திச் சாய்த்து இரண்டு சில்லில் இழுக்கும் முறையை 1987 இல் செய்தவர் ரொபேர்ட் பிளாத் என்ற விமானி. நாள்தோறும் பையோடு நடந்த ஒருவர் தமக்காகச் செய்துகொண்டது என்பதால்தானோ என்னவோ, அது இன்னும் நன்றாகவே உழைக்கிறது.

தோள்வலி இருப்பதால் தோளில் மாட்டும் பையை உங்களுக்குச் சொல்லமாட்டேன். இரண்டு சில்லு, நைலோன் துணி, வெறும் எடை 2 கிலோவுக்குள், மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகக் கைபிடிகள். பக்கக் கைபிடி ஏன் வேண்டுமென்றால், தலைக்கு மேலுள்ள அறையில் பையை வைக்கும்போது அதைப் படுக்கையாகத்தான் தூக்க வேண்டும். அப்போது மற்றவரிடம் உதவி கேட்கத் தயங்காதீர்கள். 7 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குவது நோவுள்ள தோளுக்குத் தகாது.

கடையில் '20 அங்குலம்' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். 20 அங்குலம் என்பது 50.8 சென்ரிமீற்றர். அது பெரும்பாலும் பெட்டியின் உடலை மட்டும் அளந்தது. சில்லும் கைபிடியும் சேர்ந்தால் 55 ஐத் தொட்டுவிடும். விமான நிறுவனங்கள் சில்லையும் கைபிடியையும் வெளிப் பொக்கற்றையும் சேர்த்தே அளக்கின்றன. கத்தார் எயார்வேய்ஸில் பையின் உயரம் 50 சென்ரிமீற்றர்தான் என்பதால், தையற்காரரின் அளவு நாடாவைக் கையோடு கொண்டு போய், தரையிலிருந்து மேல்முனை வரை நீங்களே அளந்து பாருங்கள். பையை அகலப்படுத்தும் மேலதிகச் சிப் ஒன்று சில பைகளைச் சுற்றி இருக்கும். அதைத் திறந்தால் பருமன் அளவை மீறிவிடும்; போகும்போது அது மூடியபடியே இருக்கட்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், உங்கள் பயணச் சீட்டில் அச்சிட்டிருக்கும் எடையையே இறுதியானதாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் கத்தாரில் வேலை செய்து இரண்டு வருடங்களின் பின் விடுமுறையில் வந்து, திரும்பிப் போக ஆயத்தமாகிறேன். அலுமாரியின் மேல் பொலித்தீன் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த பையை இறக்கினால், உள்ளே கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கறுப்பாகச் செதில் உதிர்கிறது. சில்லின் றப்பர் கையோடு பிய்ந்து வருகிறது. ஒரு தடவைதான் பாவித்தேன். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. உங்கள் பையைக் கெடுத்தது நம்முடைய காற்று. துணிப்பைகளின் உட்புறத்தில் நீர் புகாமலிருக்கப் பொலியூரத்தேன் என்ற பூச்சைத் தடவுகிறார்கள். சில்லைச் சுற்றியுள்ள 'றப்பரும்' பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். காற்றிலுள்ள நீராவி அந்தப் பூச்சின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் வாழும் நமக்கு ஈரப்பதனும் வெப்பமும் குறைவில்லை. மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலுமாரிக்குள் இருக்கும் சேலையே பூஞ்சணம் பிடிக்கிறதல்லவா? பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் இது நடக்கும். நீங்கள் பத்திரமென்று நினைத்துச் சுற்றிய பொலித்தீன், ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்து நிலைமையை மோசமாக்கியிருக்கும். ஓட்டுக்கூரைக்கு அண்மையில், அலுமாரியின் உச்சியில் வைத்தது வெப்பத்தையும் கூட்டியிருக்கும்.

பையை எறிந்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் வாங்கும் ஸ்பிரிற்றைத் துணியில் நனைத்து, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குக் கிட்டவும் போகாமல், பிசுபிசுப்பு முழுவதும் நீங்கும்வரை அழுத்தித் துடையுங்கள். அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தும் கழுவலாம். பூச்சுப் போய்விடும், துணி நிற்கும். மழைத்தண்ணீர் மட்டும் இனி உள்ளே வரும். முதலில் ஒரு மூலையில் பரீட்சித்துப் பார்த்து, சாயம் போகவில்லை என்று கண்ட பின்னர் தொடருங்கள். சில்லைப் பொறுத்தவரை, அச்சு ஆணி திருகிக் கழற்றக்கூடியதா, அடித்து இறுக்கியதா என்று பாருங்கள். திருகாணியானால் அதே விட்டமுள்ள வேறு சில்லு மாற்றலாம். அடித்து இறுக்கியதானால் ஆணியைத் துளையிட்டு எடுக்க வேண்டும். சைக்கிள் திருத்துபவர்கள் இதைச் செய்து தருவார்கள்.

அடுத்த பை வாங்கும்போது மூன்று இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள். உட்துணியில் வழவழப்பான பூச்சு இல்லாமல் வெறும் நெசவாக இருந்தால் நல்லது. சில்லு கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சிப் இழுப்பான் இரும்பானால் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். நைலோன் பல்லும் துணி நாடா இழுப்பானும் நம் ஊருக்கு ஏற்றவை, இலேசும்கூட. ஊருக்கு வந்ததும் பையை உள்ளும் புறமும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, சிப்பைத் திறந்தபடி, பழைய பருத்திச் சேலையால் மூடி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை சில்லைக் கையால் சுழற்றிவிடுங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவையும் உம்மாவையும் உம்றாவுக்கு அழைத்துப் போகிறேன். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். வாப்பாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார். ஆளுக்கொரு கைப்பையா, மூவருக்கும் சேர்த்து ஒன்றா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். ஆளுக்கொன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் இருவருடையதும் சில்லில்லாத, ஒரு கிலோவுக்குட்பட்ட முதுகுப் பைகளாக இருக்கட்டும். மூன்று நான்கு கிலோவுக்கு மேல் அவர்களைச் சுமக்க விடாமல், பாரமானவற்றை உங்கள் சில்லுப் பையில் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அனுமதி ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால், மூவருடையதையும் ஒரே பையில் போட்டு 15 கிலோவாகக் காட்ட முடியாது.

உம்றா யாத்திரைக்கு உடுத்தும் இஹ்றாம் உடையைப் பெரிய பெட்டிக்குள் போட்டு ஒப்படைத்துவிடாதீர்கள். நேரே ஜித்தாவில் இறங்குவதானால், மீக்காத் எல்லையை விமானம் வானில் இருக்கும்போதே கடந்துவிடும். அதற்கு முன்னரே இஹ்றாமில் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வீட்டிலிருந்தே அணிந்து போகாவிட்டால், இரண்டு துண்டுகளும் வாப்பாவின் முதுகுப் பையில் மேலாக இருக்கட்டும். தடித்த துவாய்த் துணியாலான சோடி ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். மெல்லிய பருத்தித் துணியானது அதைவிடக் குறைவு. எடைக் கணக்கில் அதையும் மறக்க வேண்டாம்.

இன்சுலின் கையிலேயே இருக்க வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் குளிர் அதிகமாகி மருந்து உறைந்துவிட்டால் அது பயன்படாது. பெட்டி வந்து சேராமற்போனால் நிலைமை அதிலும் மோசம். மருத்துவரின் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கி, மருந்தோடு ஒரே பொக்கற்றில் வைத்து, பரிசோதனையில் நீங்களாகவே எடுத்துக் காட்டுங்கள். ஊசியைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பினால் அந்தக் கடிதம் பேசும். முடி வெட்டும் கத்தரிக்கோலை மட்டும் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பவர் பாங்க் வைத்து, பைக்கு வெளியே வயர் குத்தி போனை சார்ஜ் பண்ணும் முதுகுப் பை ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். படிப்புக்காகப் பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறேன். அனுமதிப்பார்களா?
– மாணவர், கல்முனை

பதில்: பையில் வயரும் துளையும் மட்டும் இருந்து, பவர் பாங்க் தனியே கழற்றி எடுக்கக்கூடியதானால் தடையில்லை. பற்றரி பையோடு பொருத்தப்பட்டுக் கழற்ற முடியாதபடி இருந்தால் அந்தப் பையை வாங்க வேண்டாம்; அமெரிக்க விமான நிறுவனங்கள் 2018 ஜனவரியிலிருந்தே அத்தகைய பைகளை மறுத்துவருகின்றன. பவர் பாங்க் ஒருபோதும் ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகக்கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே காரணம். அதன் மின்கொள்ளளவு 100 வோற்-மணி வரை இருந்தால் பொதுவாக அனுமதி உண்டு. 100 க்கும் 160 க்கும் இடைப்பட்டதற்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் இல்லை. 20,000 மில்லி அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அதை 1,000 ஆல் வகுத்து, 3.7 வோற்றால் பெருக்குங்கள்: 74 வோற்-மணி. எண் அழிந்துபோன பவர் பாங்க்கைக் கொண்டு போகாதீர்கள். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல், ஆளுக்கு ஒன்றை வைத்திருக்க மட்டும் விட்டு, விமானத்துக்குள் அதைப் பாவிப்பதையே நிறுத்திவிட்டது; ஏனையவையும் இறுக்கி வருகின்றன.

பலாலி – சென்னைச் சேவை 2019 இல் தொடங்கியபோது பறந்தவை ஏ.ரி.ஆர் 72 வகை விமானங்கள். இத்தகைய சிறு விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறைகளும் சிறியவை என்பதால், பருத்த கைப்பைகளை ஏணியடியில் வாங்கிச் சரக்குப் பகுதியில் வைப்பதுண்டு. அப்படிக் கேட்டால், கொடுக்கும் முன் பவர் பாங்க்கை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் அப்போது அவசரமாகத் தேடவேண்டியிராமல், முதலிலேயே ஒரு சிறிய தோற்பையிலோ துணிப்பையிலோ பிரித்து வைத்திருப்பது நல்லது.

கேள்வி: இலண்டனில் இருக்கும் அண்ணனுக்கு மாங்காய் அச்சாறும் ஒரு சட்டி எருமைத் தயிரும் கைப்பையிலேயே கொண்டு போக முடியுமா? பெரிய பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார்.
– வாசகி, வாழைச்சேனை

பதில்: முடியாது, தங்கச்சி. 2006 இல் இலண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிவந்த பிறகு, கையில் கொண்டு செல்லும் திரவம் ஒரு கொள்கலத்துக்கு 100 மில்லிலீற்றர் என்ற விதி உலகெங்கும் பரவியது. இப்போது சில நிலையங்கள் அதைத் தளர்த்தியிருந்தாலும், இடையில் மாறும் நிலையத்தில் மறுபடியும் பரிசோதிப்பார்கள். பூசக்கூடியதும் வழியக்கூடியதும் திரவமாகவே கொள்ளப்படும். தயிரும் அச்சாறும் தேனும் நெய்யும் அதற்குள் அடங்கும். தயிரைப் பெரிய பெட்டியிலும் வைக்க வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பாற்பொருட்களைக் கையோடு கொண்டுவருவதைப் பிரித்தானியா தடுத்திருக்கிறது. அச்சாறை எண்ணெய் கசியாத மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தலில் இட்டு, இரண்டு பைகளில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைத்துப் பெரிய பெட்டியில் அனுப்பலாம். கைப்பையில் வைப்பதற்கு வறுத்த மரமுந்திரிகைப் பருப்பு இருக்கிறது, மருதமுனைக் கைத்தறிச் சாரம் இருக்கிறது. சாரம் அண்ணனுக்கும் ஆகும், பைக்குள் உடையக்கூடிய பொருளைச் சுற்றி வைக்கவும் ஆகும், எடையும் அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.